உன் முகத்துக்குக் காக்பிட்டில் இடமில்லை

கண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க முடியவில்லை. நீ அடுத்த அறையில்தான், ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பும் அப்பளமும் உள்ளே போன தெம்பில், ஃபேனை ஐந்தில் வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாய். நீ நலம் என்பது சுவர் தாண்டி எனக்குக் கேட்கிறது. இத்தனை பக்கத்தில் இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "சரிம்மா, சரிம்மா" என்று போனுக்குள் போய்விடுவாய். காகிதத்தைப் பார்த்து யாரும் "சரிம்மா" சொல்ல முடியாது. உன் கையில் கொடுத்தாலும் இதை முதலில் படிக்கப்போவது பவித்ராதான் என்பதும் எனக்குத் தெரியும். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து உன் போனுக்கு வருவதையே அவள்தான் முதலில் படிக்கிறாள். அதனால் அவளுக்கும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்த கதைகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அலுத்துக்கொள்ளாதே.

அடுத்த மாதம் இந்நேரம் நீயும் அவளும் நங்கநல்லூரில் குடித்தனம் வைத்திருப்பீர்கள். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து நங்கநல்லூர் என்ன நியூசிலாந்தா, ஒரு ஆட்டோ பிடித்தால் போய்விடலாம் என்று உன் அப்பா தினமும் எனக்குச் சமாதானம் சொல்கிறார். சொல்லிவிட்டு அவரே பால்கனியில் போய் நின்று மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். கேட்டால் மரத்தூள் என்கிறார். அது போகட்டும். நீயும் அவரும் என் துணிக்கொடியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அந்தப் பால்கனியில் கட்டிய மஞ்சள் விமானத்தை, ரிமோட்டில் பறக்கிற அந்த இரட்டை இறக்கை ராட்சசனை, நீ புது வீட்டுக்கு எடுத்துப் போகிறாய். அதன் பைலட் இருக்கை நடுவில் காலியாகிவிட்டது. ஏன் காலி என்பதற்குப் பிறகு வருகிறேன். "கல்யாணத்துக்கு எனக்கு வேற எதுவும் வேணாம்மா, என் மூஞ்சிய வெச்சு ஒரு பைலட் பண்ணிக் குடு, போதும்" என்று கேட்டாய். மாட்டேன் என்றேன். "சொந்தக்காரங்க எல்லாரையும் உக்கார வெச்சாச்சு. என்னை மட்டும் வைக்க மாட்ட. நான் பறக்க விடறது மேல உனக்கு நம்பிக்கை இல்ல, அதானே?" என்றாய். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. அதைச் சாக்காக வைத்து நான் உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து நீ என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. காபியைக்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் வாங்குகிறாய். இந்த மூஞ்சியோடு நீ மணமேடையில் உட்கார்ந்தால் எந்த மேக்கப்பாலும் அதைச் சரிபண்ண முடியாது. மந்தைவெளியில் பார்லர் வைத்து எத்தனையோ கல்யாணப் பெண்களைத் தயார் பண்ணி அனுப்பியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது அப்பா உனக்கு முதல் விமானம் கட்டிக்கொடுத்தார். அதில் உட்கார வைக்க, இடுப்புக்கு மேலே மட்டும் இருக்கிற ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பைலட்டை எங்கிருந்தோ வரவழைத்தீர்கள். வர்ணம் நாமே அடித்துக்கொள்ள வேண்டும். அப்பா கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமலில் சிவப்பையும் வெள்ளையையும் குழப்பி அடித்தார். காய்ந்ததும் பார்த்தால், கொதிக்கிற வெந்நீரில் விழுந்து எழுந்தவன் மாதிரி இருந்தான். "ஒரு முகத்துக்கு அடிக்கிற கலரா இது? கொண்டாங்க இப்படி" என்று பிடுங்கினேன். முகம் என் தொழில், அதில் இன்னொருத்தர் கைவைத்தால் எனக்குத் தாங்காது. அன்று பார்லருக்கு லீவு விட்டேன். பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்து பேஸ் போட்டேன். கன்னத்து எலும்புக்குக் கீழே நிழல் கொடுத்தேன், மூக்குத் தண்டில் வெளிச்சம் வைத்தேன், நகத்தில் பூப்போடுகிற பிரஷ்ஷால் கண்ணுக்கு மை தீட்டினேன், உதட்டுக்குக் கோடு கட்டி நிரப்பினேன். அவ்வளவு அமைதியான கஸ்டமர் எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் வெள்ளையா" என்று ஒரு வார்த்தை பேசவில்லை, நடுவில் எழுந்து போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கேளம்பாக்கம் தாண்டி, விமானம் விடுகிற சங்கத்துக்காரர்கள் அனுமதி வாங்கி வைத்திருக்கும் அந்தப் பொட்டல் மைதானத்துக்கு மூன்று பேரும் போனோம். அங்கேதான் காதர் பாயை முதலில் பார்த்தது. ராயப்பேட்டையில் பெட்டி ரிப்பேர் கடை, ஞாயிற்றுக்கிழமையானால் மைதானம். எல்லாருடைய விமானத்தையும் குனிந்து ஒரு தரம் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. உன் விமானத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார். "இன்னா சார் இது, பைலட்டு ரிசப்ஷனுக்குப் போய்க்கினு கீறானா?" என்றார். மைதானமே சிரித்தது. அந்தப் பைலட் கன்னம் சிவக்க, உதடு பளபளக்க, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்களா என்று எட்டிப் பார்க்கிற பெண் மாதிரி வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். திரும்பி வரும்போது திருவான்மியூர் சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்ததும், "அம்மா, அவன் வேலைக்குப் போறவன்மா. அலங்காரம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கறவன் இல்ல" என்றாய். அழகாகக் காட்டுவது எனக்கு வரும், ஒரு ஆளாகக் காட்டுவது வரவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அப்பாமேல் போட்டேன்.

அடுத்த பைலட்டுக்கு அலங்காரத்தை எல்லாம் குறைத்தேன், ஆனால் கண்ணில் கோட்டை விட்டேன். கண் என்றால் பெரிதாக, முழுதாகத் தெரிய வேண்டும் என்பது எங்கள் தொழில் புத்தி. வெள்ளை நிறைய விட்டு நடுவில் கருவிழியை வட்டமாக வைத்தேன். உட்கார வைத்துப் பார்த்தால், எஞ்சின் நின்றுபோய் அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவன் மாதிரி முழித்தான். பார்லர் கண்ணாடியில் என் கண்ணையே பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். நிம்மதியாக இருக்கிற மனுஷனின் கருவிழியில் மேல் கால்வாசியை இமை மூடியிருக்கும். கருவிழி முழுவட்டமாகத் தெரிந்தால் அவன் ஒன்று பயந்திருக்கிறான், இல்லை சண்டைக்கு வருகிறான். வெள்ளையும் சுத்த வெள்ளையாக இருக்கக்கூடாது, பத்துத் தடவை துவைத்த வேட்டி வெள்ளை போதும். இதைக் குடித்தனத்துக்கும் வைத்துக்கொள்ளடா. இரண்டு பேரும் கண்ணை முழுக்கத் திறந்துவைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடும். பவித்ரா ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் நீ அந்தக் கால்வாசியை இறக்கிக்கொள். நீ போடுவதற்கு அவள் இறக்கிக்கொள்வாள். உன் அப்பா என் விஷயத்தில் முக்கால்வாசி இறக்கிவிட்டார். அது வேறு, அதற்குப் பெயர் தூக்கம்.

ஆண் முகத்தை நான் அதுவரை நின்று பார்த்ததே இல்லை. பார்லருக்கு வருகிறவர்கள் எல்லாம் பெண்கள், வீட்டில் இருக்கிற ஒரு முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. அதனால் ரோட்டில் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் மழித்த தாடை சாயங்காலம் எப்படிச் சாம்பல் நீலமாகிறது, வெயிலில் நிற்கிற டிராஃபிக் போலீஸ்காரருக்கு நெற்றியில் தொப்பி வரைக்கும் ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு நிறம், இப்படி. ஒரு நாள் பாண்டி பஜாரிலிருந்து ஆட்டோவில் வந்தேன். ஓட்டுகிறவருக்குக் கண்ணுக்குக் கீழே அருமையான மடிப்பு, மீசை வேறு. கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். தேனாம்பேட்டை சிக்னலில் அவர் திரும்பினார். "இன்னாக்கா, ஏறினதுலேர்ந்து பாத்துக்கினே வர்ற. மூஞ்சில எதுனா கீதா?" நான் உள்ளதைச் சொன்னேன். "ஒண்ணுமில்லப்பா, மீசைக்குக் கீழ நிழல் எப்படி விழுதுன்னு பாக்கறேன்." அவர் மெதுவாகக் கையை நீட்டிக் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும், "ஊட்ல கூட யார்னா கீறாங்களாக்கா?" என்று கவலையாகக் கேட்டார். அந்த மனுஷனின் கண் மடிப்பைத்தான் உன் மூன்றாவது பைலட்டுக்குப் போட்டேன். மைதானத்தில் காதர் பாய் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் அது முதல் பரிசு.

ஆனால் எத்தனை நாளைக்கு ஆட்டோவிலேயே போய்க்கொண்டிருப்பது? மனதிலிருந்து முகம் வரைய எனக்கு வராது. எதிரில் ஒரு முகம் இருந்தால்தான் கை ஓடும். அப்படித்தான் நம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் காக்பிட்டில் ஏறினார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பக்கவாட்டு முகத்தைக் காட்ட ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள், இன்னும் ஒரு ஷேடு வெளுப்பாக. மணப்பெண்கள்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அறுபது வயது ஆண்கள் அதற்கு மேல். "நான் மாநிறம்தானே?" என்று கேட்காதவர் இல்லை. வரன் விளம்பரங்களில் எல்லாரும் மாநிறம் என்று போடுகிறார்களே, அது எந்த நிறம் என்று நானும் பல வர்ணத்தைக் குழைத்துப் பார்த்தேன். கடைசியில் புரிந்தது. அவரவர் நிறத்துக்கு ஒரு ஷேடு மேலே இருப்பதுதான் மாநிறம். நான் யாருக்கும் ஒரு ஷேடும் கூட்டிப் போடவில்லை. அந்த விஷயத்தில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது, இதை ஞாபகம் வைத்துக்கொள்.

உன் பெரிய மாமாவை மறந்திருக்க மாட்டாய். என் அண்ணனின் முகம் பைலட்டுக்கென்றே செய்தது, தாடை அப்படி. குழாய் ஓட்டையை அடைக்கிற மாவில் அவரை உருட்டிச் செய்தேன், உள்ளேயும் வெளியேயும் கெட்டி. விமானம் எழும்பியது, மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் ஒரு நொடி நின்றது, அப்புறம் பின்பக்கமாகச் சரிந்து விழுந்தது. "பைலட்டு வெயிட்டுக்கா. பின்னாடி குந்திக்கினு வால அமுக்கிட்டாரு" என்றார் காதர் பாய். இதோடு விட்டிருக்கலாம். உன் அப்பா அண்ணனுக்கே போன் போட்டு, "ஒண்ணுமில்ல மச்சான், உங்க வெயிட் தாங்காம பிளேன் விழுந்துடுச்சு" என்று சிரித்தார். அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வரவில்லை. பலகாரம் மட்டும் வந்தது, அதுவும் குறைவான வெயிட்டில். அதிலிருந்து தெர்மகோலில் செய்து உள்ளே குடைந்து எடுத்துவிடுகிறேன். "பைலட்னா வெளிய கம்பீரமா இருக்கணும், உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது" என்று அப்பா தத்துவம் பேசினார். நான் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருக்கை ஏன் காலியானது என்பதற்கு இப்போது வருகிறேன். பவித்ரா, இந்த இடத்தை மட்டும் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. கண்ணா, அவள் வரன் வந்தபோது குடும்பமாக எடுத்த போட்டோ ஒன்றும் வந்தது. நீ பெண்ணைப் பார்த்தாய், அப்பா ஜாதகத்தைப் பார்த்தார், நான் அவள் அப்பாவின் மீசையைப் பார்த்தேன். அப்படி ஒரு மீசை. மஞ்சள் விமானத்துக்கு முகம் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். வருகிற வரன் எல்லாம் அமைந்துவிடுகிறதா என்ன? ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியர், அவர் எங்கே, நாம் எங்கே என்று நினைத்து, மூக்கு ஓரத்து மச்சம் வரைக்கும் அவரை அப்படியே இறக்கிவிட்டேன். மீசையை வர்ணத்தில் போட மனது வரவில்லை. பார்லர் தரையில் கிடந்த முடியில் நல்லதாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாக ஒட்டினேன். பார்த்தால் வரன் அமைந்துவிட்டது! "தலைய மாத்திடட்டுமாடா?" என்று உன்னைக் கேட்டேன். "வேணாம்மா, அவர் எங்க வந்து பாக்கப்போறாரு" என்றாய். இந்த ஒரு வாக்கியத்துக்கு நீதான் பொறுப்பு.

நிச்சயதார்த்தம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாரே மேற்கு மாம்பலத்திலிருந்து கிளம்பி மைதானத்துக்கு வந்தார்கள், மாப்பிள்ளை விமானம் விடுவதைப் பார்க்க. நான் காக்பிட்டை மறைத்துக்கொண்டு, முந்தானையை விரித்துப் பிடித்து, வெயில் படாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். விமானம் மேலே போனதும்தான் மூச்சு வந்தது. அங்கே சம்பந்தி புள்ளியாகத் தெரிந்தார், நல்லபடியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்படியே இறக்கியிருந்தால் முடிந்தது. பவித்ரா உன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உடனே உனக்கு, தரையை உரசுகிற மாதிரித் தாழ்வாக ஒரு ஓட்டம் ஓட்டிக் காட்டியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. சக்கரம் புதரில் மாட்டியது, விமானம் குட்டிக்கரணம் போட்டது, சம்பந்தியின் தலை தனியாகக் கழன்று புழுதியில் உருண்டு வந்து நேராகச் சம்பந்தியம்மாவின் செருப்பருகே நின்றது.

அந்த அம்மா குனிந்து எடுத்தார்கள். முந்தானையால் துடைத்தார்கள். தலையைப் பார்த்தார்கள், புருஷனைப் பார்த்தார்கள், மறுபடி தலையைப் பார்த்தார்கள். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது யாரு?" என்றார், வகுப்பில் கேட்கிற குரலில். காதர் பாய்தான் காப்பாற்றப் பார்த்தார். "சார், அது சும்மா பொதுவா ஒரு பைலட்டு சார்." "பொதுவான பைலட்டுக்கு என் மச்சம் எதுக்கு?" என்றார் சம்பந்தி. மண்டபம் புக் பண்ணியாகிவிட்டது, பத்திரிகை அச்சடித்தாகிவிட்டது, உன் முகம் சுண்ணாம்பாக இருக்கிறது, பவித்ரா கையால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். சம்பந்தி தலையைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "எல்லாம் சரி. நான் இவ்ளோ கறுப்பா?" அப்போதுதான் பவித்ரா மூடியிருந்த கைக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. சம்பந்தியம்மா தலையைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். "அச்சு அசலா இருக்கு சம்பந்தி. எதிர்த்தும் பேச மாட்டேங்குது. இத நான் எடுத்துக்கறேன்" என்றார்கள். இப்போது அது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் முதலில் அதனிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வார்களாம். சம்பந்தி மட்டும் இன்னும் பார்க்கும்போதெல்லாம் மீசை எதில் செய்தது என்று கேட்கிறார். அபிராமபுரத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி பாப் வெட்டிக்கொண்டதில் மிஞ்சியது என்று எப்படிச் சொல்வேன்?

ஒன்று சொல்ல மறந்தேன். பைலட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் பூதம் மாதிரி இருப்பான். நிழலை எல்லாம் கூட்டித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் தூரத்தில் முகம் மழுங்கிவிடும். பத்தடி தள்ளி நின்று பார், மனுஷனாகிவிடுவான். மாமனார், மாமியார், அம்மா, அப்பா எல்லாரும் அப்படித்தான். ரொம்பக் கிட்டே போய்ப் பார்க்காதீர்கள். நங்கநல்லூர் நல்ல தூரம்தான் என்று சில நேரம் எனக்கே தோன்றுகிறது. சில நேரம்தான்.

இனி உன் கேள்விக்குப் பதில். நீ பறக்க விடுவதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா? முக்கால்வாசி இருக்கிறது, பவித்ரா பக்கத்தில் நின்றால் அரைவாசி. ஆனால் நான் மாட்டேன் என்றது அதனால் இல்லை. நான் வரைந்த முகங்களில் விழாதது ஒன்றுகூட இல்லை. காதர் பாயைக் கேட்டால், "ஏறினது எல்லாம் எறங்கும்க்கா. சிலது நம்ம எறக்குவோம், சிலது அதுவா எறங்கிக்கும்" என்கிறார். எனக்குச் சகுனம் கிகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் அதற்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். ஆனாலும் அண்ணன் விழுந்தபோது சிரித்தேன், சம்பந்தி விழுந்தபோது நடுங்கினேன். நீ விழுவதை, அது உள்ளங்கை அளவு தெர்மகோலாக இருந்தாலும், உன் தலை புழுதியில் உருள்வதை, நான் நின்று பார்க்க மாட்டேன். எனக்குப் பயம். அவ்வளவுதான்டா. இருபத்தெட்டு வயது மகனிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் குக்கருக்குள் ஒளிந்துகொண்டேன். நீ போவது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது. இரண்டையும் ஒரே முகத்தில் எப்படிப் போடுவது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீ கேட்டதைச் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதே. இந்த வாரம் பார்லரில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் உன்னைச் செய்ய உட்கார்ந்தேன். போட்டோ கீட்டோ ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. மனதிலிருந்து வரையத் தெரியாதவளுக்கு அன்றைக்குக் கை தானாக ஓடியது. உன் மூக்கு, ஊஞ்சலில் இடித்துக்கொண்ட மோவாய்த் தழும்பு, ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டிருக்கிற புருவம், எல்லாம் வந்தது. கண்ணில் வந்து நின்றுவிட்டது. ஒரு வாரமாக நீ என்னைப் பார்க்கவே இல்லையே, எந்தக் கண்ணைப் போடுவேன்? அந்தத் தலை என் மேக்கப் பெட்டியில் பஞ்சு மேல் படுத்திருக்கிறது. அது எந்த விமானத்திலும் ஏறாது. சம்பந்தியம்மாவுக்கு ஃபிரிட்ஜ் என்றால் எனக்கு என் பார்லர் கண்ணாடி ஓரம். காலையில் கடை திறந்ததும் அதனிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொள்வேன், உனக்குப் போன் பண்ணித் தொந்தரவு செய்ய மாட்டேன். சரி, தினமும் செய்ய மாட்டேன்.

காக்பிட்டுக்கு வேறு ஆளை வைத்துவிட்டேன். கழற்றி வைத்த சம்பந்தியின் உடம்பு கழுத்து வரைக்கும் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் மேல் ஒரு பெண்ணின் தலையை வைத்தால் இரண்டு குடும்பமும் சிரிப்பாய்ச் சிரிக்கும், அதனால் உடம்பையும் புதிதாகச் செய்தேன். தோல் குல்லா, அதற்குக் கீழே கிடைத்ததிலேயே சின்ன ஸ்டிக்கர் பொட்டு, மூக்கில் படிக்கிற கண்ணாடி. நேற்று அப்பா பார்த்துவிட்டு, "யாருடி இது, உன் தங்கச்சியா?" என்றார். ஆமாம், எனக்கு மட்டும் ஒரு ஷேடு கூட்டித்தான் போட்டிருக்கிறேன். மோவாயும் இரண்டுக்கு ஒன்றாகத்தான் இருக்கும். என் கர்வமெல்லாம் அடுத்தவர் முகத்தோடு சரி. நான் விழுந்தால் ஒன்றுமில்லை, பசை பாட்டிலையும் விமானத்தின் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், ஒட்டிக்கொள்ளலாம். நீ தரையில் காலை ஊன்றி நின்று அண்ணாந்து பார், அது போதும். பைலட் பொம்மைகள் கையில் விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக் ஒன்று பிடித்திருக்கும், தெரியுமில்லையா? அது எதனோடும் சேர்ந்திருக்காது, ஓட்டுவதெல்லாம் கீழே நிற்கிறவன். இன்ஜினியரிங் எடு என்றேன், பி.காம். எடுத்தாய். பாங்க் பரீட்சை எழுது என்றேன், வேறு எங்கோ சேர்ந்தாய். நான் திருப்பியதாக நினைத்த திருப்பம் எல்லாம் நீ திருப்பியதுதான். என் கையில் இருப்பதும் எதனோடும் சேராத ஸ்டிக் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பொம்மையின் விரலை நான் இறுக்கிப் பிடித்த மாதிரிதான் செய்திருக்கிறேன், வேறு மாதிரி செய்ய வரவில்லை.

டிகாக்ஷன் இறங்கிவிட்டது, பால் பொங்கப்போகிறது, உன் குறட்டையும் நின்றுவிட்டது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வா. காபியைக் குனிந்து வாங்கிக்கொண்டு ஓடாதே. போனை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் விழுகிற நாற்காலியில் எனக்கு எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னை நிமிர்ந்து பார். கண் மட்டும்தான் பாக்கி.

அம்மா